மிச்சம் இரண்டு சீட்டு

கொரின் மெரில் கவர்னர் தேர்தலில் நிற்கப்போகிறாள் என்று எனக்கு முதலில் சொன்னவன் அவளுடைய புருஷன் ராய்ஸ்தான். அவன் சொன்ன விதத்தைக் கேட்டிருந்தால் வீட்டில் யாரோ படுத்த படுக்கையாகிவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பீர்கள்.

அது ஏப்ரல் மாதம். பனி உருகி எங்கள் மண்சாலைகளெல்லாம் கஞ்சியாகக் கிடக்கிற காலம். என் பால் லாரி அவர்கள் மேட்டில் ஏறுவதற்குள் இரண்டு தடவை பின்னால் வழுக்கிவிட்டது. அந்த எரிச்சலோடு பால் அறைக்குள் நுழைந்தால், ராய்ஸ் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"நாலு பேர் கை தட்டிட்டாங்க, ஆல்டன். அவ்வளவுதான். அம்மா கவர்னர் ஆகப் போறாங்க" என்றான். "இங்க முப்பத்தஞ்சு மாடு நிக்குது. அதுங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது? எஜமானி ஓட்டுக் கேக்கப் போயிருக்காங்க, நீங்களே கறந்துக்குங்கன்னு நீ வேணா சொல்லிட்டுப் போ."

நான் தொட்டிக்குள் அளவுகோலை விட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் பண்ணை பண்ணையாகப் போய், குளிர்தொட்டியில் கிடக்கும் பாலை அளந்து, சின்னப் புட்டியில் மாதிரி எடுத்து, குழாயை மாட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போவது என் வேலை. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் கில்பர்ன் ஊரில் மட்டும் ஒரு லாரி நிறையப் பால் கிடைக்கும். இப்போது நான்கு பண்ணைகள்தான் மிச்சம். அரை லாரிகூட நிறைவதில்லை. வெர்மான்ட் மாநிலத்தில் எந்த மூலைக்குப் போனாலும் இதே கதைதான். கறக்கிற செலவுக்குக்கூட விலை கிடைக்காத பாலைக் கறப்பவர்களைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் பாலில்தான் என் பிழைப்பும் ஓடுகிறது.

கை தட்டிய கதை இதுதான். தலைநகரத்தில் பால் விலை பற்றி ஒரு கூட்டம் போட்டிருக்கிறார்கள். கொரினுடைய கட்சியைச் சேர்ந்த பெரிய மனிதர் ஒருவர் எழுந்து, சின்னப் பண்ணைகளின் காலம் முடிந்துவிட்டது, அதைக் கௌரவமாக முடித்துவைப்பதுதான் அரசாங்கத்தின் கடமை என்று பேசியிருக்கிறார். கொரின் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "முடிச்சுவைக்கிறதுக்கு நாங்க என்ன கெழட்டு நாயா?" என்று கேட்டாளாம். கூட்டம் முழுக்கக் கை தட்டியது. திரும்பி வருகிற வழியிலேயே அவள் முடிவு செய்துவிட்டாள்.

அன்று நான் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கொரின் வந்தாள். ரப்பர் பூட்ஸ், ராய்ஸின் பழைய கம்பளிச் சட்டை. குட்டையான பெண்தான், ஆனால் கன்றை ஒரு கையால் தூக்கி மறுகையால் கதவைத் திறப்பாள். நான் நிற்பதைக் கண்டுகொள்ளாமல் இருவரும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

"நீ கறக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் விட்டுடறேன்" என்றாள் கொரின்.

"நான் எப்ப மாட்டேன்னேன்? முட்டிதான் மாட்டேங்குது."

"அப்ப முட்டிகிட்ட பேசிக்கறேன், நீ தள்ளு."

ராய்ஸ் வாளியிலிருந்து எழுந்தான். எழுவதற்கே அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இதக் கேளு, கொரின். ஆகஸ்ட் தேர்தல் வரைக்கும் நான் ஒத்தையாக் கறக்கறேன். மாநிலம் பூரா எவன் உனக்கு ஓட்டுப் போடுறான் போடலைங்கறது எனக்கு வேண்டாம். இந்த ஊருக்கு நம்மளத் தெரியும். இங்க நீ முதல்ல வந்தா மாடு நிக்கட்டும். முட்டி தேஞ்சு போனாலும் கறக்கறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். வரலன்னா, நம்ம ஊரே போதும்னு சொல்லிடுச்சுன்னு அர்த்தம். எல்லாத்தையும் வித்துடணும்."

"வித்துடலாம்" என்றாள் கொரின் பட்டென்று.

"அப்புறம் அழக் கூடாது."

"நான் எதுக்கு அழப் போறேன்? அழறது நீயாத்தான் இருக்கும்."

ஈரக் கையோடு இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள், நான் ஏதோ பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் மாதிரி. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பாலை எடுக்க வந்தவனைப் பால் எடுக்க விட வேண்டும்.

எங்கள் தேர்தல் இரண்டு கட்டமாக நடக்கும். நவம்பரில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்த பெரிய தேர்தல். அதற்கு முன்னால் ஆகஸ்டில், எந்தக் கட்சி யாரை நிறுத்துவது என்பதை மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற உட்கட்சித் தேர்தல். கொரினுடைய கட்சிக்குச் சின்னம் கழுதை, எதிர்க்கட்சிக்கு யானை. கழுதைக் கட்சியில், மாநிலத்தை ஆளுகிற கவர்னர் பதவிக்கு நான்கு பேர் மோதினார்கள். அவர்களில் ஒருத்தி கொரின். ஜெயிக்கிற குதிரை பெலிங்கர் என்ற நகரத்து வக்கீல் என்பது அவருக்கும் தெரியும், மற்ற மூவருக்கும் தெரியும், கொரினுக்கும் நன்றாகவே தெரியும். அவள் மாநிலத்தை ஜெயிக்கப் போகவில்லை. கில்பர்னை ஜெயிக்கப் போனாள். மாடுகளுக்காகப் போனாள்.

அந்தக் கோடையை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மே மாதம் முழுக்க மழை. முதல் புல் அறுப்பு தள்ளிப்போய், அறுத்ததும் பாதி கறுத்துவிட்டது. கொரின் விடிகிற கறவைக்கு மட்டும் கைகொடுத்துவிட்டுப் பழைய லாரியில் கிளம்பிவிடுவாள். தீயணைப்பு நிலையத்தில் கோழி வாட்டுகிற விருந்து, தேவாலயத்து அடித்தளத்தில் அவித்த பீன்ஸ் விருந்து, ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலம் என்று ஒன்றையும் விடவில்லை. வானொலி விவாதத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. மற்ற மூவரை வைத்து முடித்துக்கொண்டார்கள். அவள் வானொலி நிலையத்தின் வாசலில் நின்று போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கோப்பைப் பால் கொடுத்துவிட்டு வந்தாள்.

ராய்ஸ் இரண்டு வேளையும் மாடு கறந்தான், புல் அறுத்தான், கட்டினான், ஏற்றினான். சாயங்காலம் ரொட்டிக்கு நடுவில் குளிர்ந்த பீன்ஸை வைத்துத் தின்றுவிட்டு, நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி தூங்கினான். ஜூலையில் கன்றுகளுக்கு வேறு வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. மருந்து கலக்கிற அளவை ஒரு தடித்த காகிதத்தில் கரிய மெழுகுப் பென்சிலால் பெரிது பெரிதாக எழுதி, பால் அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தான். நான் போகும்போதெல்லாம் அது கண்ணில் படும். காலை இரண்டு கரண்டி, மாலை ஒரு கரண்டி, வெந்நீர் கூடாது.

ஒருநாள் நான் அவனிடம் கேட்டுவிட்டேன், ஓட்டு யாருக்கு என்று. கேட்டிருக்கக் கூடாது. எங்கள் ஊரில் ஒருவனுடைய வியாதியைப் பற்றிக் கேட்கலாம், ஓட்டைப் பற்றிக் கேட்க மாட்டோம். மெரில் குடும்பம் தலைமுறை தலைமுறையாக யானைக் கட்சி. ராய்ஸின் அப்பா கழுதைக் கட்சிக்காரனுக்குக் காளைகூட இரவல் கொடுக்க மாட்டார்.

"உன் வேலை பாலை அளக்கறது" என்றான் ராய்ஸ். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது அந்தச் சீட்டு விவகாரத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நடந்த கூத்து புரியும். ஆகஸ்ட் தேர்தலில் எங்கள் மாநிலத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டுச் சீட்டுகள் கொடுப்பார்கள். யானைக் கட்சிக்கு ஒன்று, கழுதைக் கட்சிக்கு ஒன்று, மூன்றாவதாக ஒரு சின்னக் கட்சிக்கு ஒன்று. நீ எந்தக் கட்சி என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். தடுப்புக்குப் பின்னால் போய் ஏதாவது ஒன்றில் மட்டும் குறியிட்டு அதை ஓட்டுப் பெட்டியில் போட வேண்டும். மற்ற இரண்டையும் வெற்றுச் சீட்டுப் பெட்டியில் போட வேண்டும். நேரில் வருகிறவர்களுக்குத் தொல்லை இல்லை, பெட்டி கண்ணெதிரே இருக்கும். தபாலில் போடுகிறவர்களுக்கு ஜூன் கடைசியிலேயே சீட்டு வந்துவிடும், அவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். போட்ட சீட்டை ஒரு உறையில் வைத்துக் கையெழுத்திட்டு, போடாத இரண்டையும் இன்னொரு உறையில் வைத்து, இரண்டு உறையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். வெற்றுச் சீட்டுகள் வராவிட்டால் ஓட்டுச் செல்லாது. உறையைப் பிரிக்காமலேயே ஒதுக்கிவிடுவார்கள். கூடவே வருகிற தாளில் இதெல்லாம் எழுதியிருக்கும். அந்தத் தாளை இந்த ஊரில் படித்தவர் எங்கள் ஊர் எழுத்தர் வெர்னா ஸ்டாடார்ட் அம்மாள் ஒருவர்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

தேர்தலன்று வானம் பளிங்கு மாதிரி இருந்தது. அதைவிடக் கெட்ட செய்தி வேறில்லை. மழையில் தவித்த கோடையில் இரண்டாம் புல் அறுக்க அப்படியொரு நாள் கிடைத்தால் எந்த விவசாயி ஊர்மன்றத்துக்கு வருவான்? இது இப்படி ஆகும் என்று தெரிந்துதான் மலைமேல் இருக்கும் அத்தனை பேரும் முன்கூட்டியே தபாலில் போட்டிருந்தார்கள். நேரில் வந்தவர்கள் ஏரிக்கரையில் வீடு கட்டிக் குடிவந்த ஓய்வுபெற்ற ஆட்களும் பள்ளிக்கூட ஆசிரியர்களும்தான். நல்ல மனிதர்கள்தான், கொரின் செய்கிற வெண்ணெயைத் தேடி வந்து வாங்குவார்கள். ஓட்டை மட்டும் பெலிங்கருக்குப் போட்டார்கள்.

எங்கள் ஊரில் சீட்டைக் கையால்தான் எண்ணுவோம். நானும் எண்ணுகிறவர்களில் ஒருவன். ஏழு மணிக்குக் கதவைச் சாத்தியதும் வெர்னா அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தபால் உறைகளைக் கையில் எடுத்தார். கொரின் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நகரத்தில் அவளுக்காக யாரோ கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள், அங்கே போகாமல் இங்கே வந்துவிட்டாள்.

உறைமேல் போட்டவர் பெயர் இருக்கும். அம்மாள் பெயரை வாசித்து, வெற்றுச் சீட்டு உறை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இடப்பக்கம் வைப்பார். ஒரு பெயரை வாசித்தவர் நின்றார். உள்ளே ஒரே உறைதான். வலப்பக்கம் வைத்தார். அடுத்து இன்னொன்று வலப்பக்கம் போனது. அதற்கடுத்ததும் போனது. வாசித்த பெயர்களெல்லாம் மலைமேல் பெயர்கள். என் லாரி போகிற வீடுகள், போய்க்கொண்டிருந்த வீடுகள்.

"ராய்ஸ் மெரில்" என்று வாசித்தார் அம்மாள். உறையைத் தலைகீழாகப் பிடித்து ஒரு தடவை உதறிப் பார்த்தார். பிறகு அதையும் வலப்பக்கம் வைத்தார். மன்றத்தில் ஒருவரும் கொரின் பக்கம் திரும்பவில்லை.

எண்ணி முடித்தபோது கில்பர்னில் பெலிங்கர் முதலிடம், கொரின் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் இரண்டாமிடம். வலப்பக்கம் ஒன்பது உறைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன.

எண்ணுகிறவர்களில் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. ஆட்களும் தெரிந்தவர்கள், கையெழுத்தும் தெரிந்தது, பிரித்துத்தான் பார்ப்போமே என்றார். நானும் தலையாட்டினேன். வெர்னா அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நாங்கள் கேட்டது தேவாலய உண்டியலை உடைக்கலாமா என்பது போல இருந்தது.

கொரின் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். "அதத் திறக்காதீங்க, வெர்னா. சட்டம் கூடாதுன்னா கூடாது. நாளைக்குப் பெலிங்கர் ஆளுங்க தோத்த இடத்திலெல்லாம் இப்படித் திறந்துக்கிட்டா நான் சும்மா இருப்பேனா?" என்றாள். குரல் சரியாகத்தான் இருந்தது. வெளியே போகும்போது கதவைச் சாத்தின சத்தம்தான் கொஞ்சம் அதிகம்.

எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. சட்டத்தைத் திட்டினேன், நல்ல வெயிலைத் திட்டினேன், மலைமேல் ஆட்களின் கஞ்சத்தனத்தைத் திட்டினேன். ஒரு துண்டுக் கயிற்றைக்கூட வீசியெறியாத ஜனங்கள் இவர்கள். நல்ல தடித்த காகிதம் இரண்டு கையில் கிடைத்தால், ஒன்றும் எழுதாத காகிதத்தை எவனாவது தபாலில் திருப்பி அனுப்புவானா? மறுநாள் நான் போன வீட்டிலெல்லாம் இதே கதைதான் கேட்டேன். ஒருத்தி அதில் சட்டைப் பை தைக்க அளவு வெட்டி எடுத்திருந்தாள். ஒருவன் டிராக்டர் எண்ணெய்க் கசிவுக்கு அடியில் போட்டிருந்தான். எல்லோரும் கொரினுக்குத்தான் போட்டார்களாம். எல்லோரும் அதை என்னிடம் சொன்னார்கள், அவளிடம் போய்ச் சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை.

அதற்கப்புறம் மெரில் பண்ணைக்குப் போனபோது பால் அறைக்குள் சத்தம் கேட்டது. லாரியிலேயே உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தேன். பால் சூடாகிவிடும். உள்ளே போனேன்.

"நீ வேணும்னேதான் பண்ணின" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் கொரின். "மாட்ட விக்கணும். அதுக்கு நான் தோக்கணும். நேரா எனக்கு எதிராப் போட மனசு வரல. அதனால சீட்டக் கெடுத்து அனுப்பின."

"நான் உனக்குத்தான் போட்டேன்."

"அது அந்த உறைக்குத்தான் தெரியும். அதப் பிரிக்காமலே எரிச்சுடுவாங்க. நீ என்ன வேணா சொல்லலாம்."

"மிச்ச ரெண்டையும் என்ன பண்றதுன்னு உன்னத்தான் கேட்டேன்." ராய்ஸ் சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். "சாப்பாட்டு மேசையில உக்காந்து கேட்டேன். நீ போன்ல யார்கிட்டயோ, ஒவ்வொரு ஓட்டும் முக்கியம்னு பேசிக்கிட்டிருந்த. கைய ஆட்டின. அடுப்புல போடுன்ன."

கொரினுக்கு அது ஞாபகம் வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சரி, சொன்னேன்" என்றாள். "எரிஞ்சு போச்சு. இப்ப எதுவும் தெரியப் போறதில்ல. நீ எனக்குப் போட்டியான்னு நான் சாகற வரைக்கும் யோசிச்சுக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதானே?"

"எவன் எரிச்சான்? அவ்வளவு நல்ல காகிதத்த?"

நான் அளவுகோலைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். என் கண் தானாகச் சுவரில் கன்று மருந்து அளவுக்குப் போனது. ஒன்றரை மாதமாகப் பார்த்த காகிதம். எனக்குச் சம்பந்தமில்லாத வீட்டுச் சண்டை. இருந்தாலும் கை போய்விட்டது. ஆணியிலிருந்து கழற்றித் திருப்பிப் பார்த்து, கொரினிடம் நீட்டினேன்.

மறுபக்கத்தில் யானைக் கட்சியின் ஓட்டுச் சீட்டு. கவர்னருக்கு இத்தனை பெயர், செனட்டருக்கு இத்தனை பெயர். பெயர்களுக்குப் பக்கத்தில் இருந்த வட்டங்கள் அத்தனையும் வெள்ளையாக இருந்தன. ஒன்றில்கூடக் குறி இல்லை.

"இன்னொண்ணு எங்க?" என்றாள் கொரின்.

ராய்ஸ் ஜன்னலைக் காட்டினான். காற்றடித்தால் கடகடவென்று ஆடுகிற பழைய ஜன்னல் அது. சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காகிதம் ஒன்றை நாலாக மடித்துச் சொருகியிருந்தான். கொரின் அதை உருவிப் பிரித்தாள். சின்னக் கட்சியின் சீட்டு. அதுவும் வெள்ளையாக இருந்தது. ஜன்னல் உடனே ஆட ஆரம்பித்துவிட்டது.

அவள் இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றில் இந்த இரண்டு போனால் உறைக்குள் இருப்பது எது என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

"உங்க அப்பா இருந்திருந்தா உன்ன வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டாரு" என்றாள்.

"அதான் அவர் போறவரைக்கும் காத்திருந்தேன்."

"கழுதைக் கட்சிச் சீட்டுதான் போட்டேன்னு தெரியுது. எனக்குன்னு எப்படி நம்பறது? பெலிங்கருக்குப் போட்டிருக்கலாமே?"

ராய்ஸுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "பெலிங்கரா? அந்தாளு இங்க கை குலுக்க வந்தப்ப மாட்டுக்கு எந்தப் பக்கம் போகணும்னு தெரியாம நின்னான். உனக்குக் கவர்னர் வேலைக்கு ஆள் எடுக்கத் தெரியுமோ இல்லையோ, எனக்குத் தெரியும். உன்ன விட்டா இந்த மாநிலத்துல ஆளே இல்ல. நான் அப்படித்தான் நெனச்சேன், அப்படித்தான் போட்டேன். இத நான் வாயால சொல்லணுமா?"

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதேயில்லை. கொரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கம்பளிச் சட்டைக் கையால், முரட்டுத்தனமாக. சரி, எல்லாம் தீர்ந்தது, கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், மாடும் நிற்கும் என்று நினைத்தேன். மடையன் நான்.

"அப்ப மாடு?" என்றாள் கொரின்.

கறவைக் கூடத்தில் ஏதோ ஒரு மாடு சங்கிலியை உரசிக்கொண்டிருந்தது.

"நான் ஜெயிச்சா நீ கறக்கணும்னு தெரியும். தெரிஞ்சுதானே எனக்குப் போட்ட?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

"அப்புறம் என்ன? நீயே மாடு நிக்கட்டும்னு நெனச்சிருக்க."

"இல்ல, கொரின். நீ ஜெயிக்கணும்னு நெனச்சேன். மாடு நிக்கணும்னு நெனக்கல. அது வேற, இது வேற." அவன் குனிந்து முழங்காலைத் தொட்டான். "ஜெயிச்சிருந்தா சொன்ன சொல்லுக்காகக் கறந்திருப்பேன். நீ ஜெயிக்கல. காலைல எந்திரிச்சு இந்தக் கால ஊனறப்ப ஒவ்வொரு நாளும் எனக்கு உயிர் போகுது. என்னால முடியல."

கொரின் பக்கத்தில் கிடந்த வாளியை உதைத்தாள். அது உருண்டுபோய் என் பூட்ஸில் முட்டி நின்றது. அவளிடம் வாதாட ஒன்றும் மிச்சமில்லை. பொய் சொன்ன புருஷனோடு சண்டை போடலாம். மனசார ஓட்டுப் போட்டுவிட்டு முட்டி வலிக்கிறது என்கிறவனை என்ன செய்வது? அவள் கன்று மருந்துத் தாளை மறுபடி ஆணியில் மாட்டினாள். சாயங்காலம் ஒரு கரண்டி கொடுக்க வேண்டுமே. இன்னொன்றை நாலாக மடித்து ஜன்னலில் சொருகினாள்.

"பாலை எடு, ஆல்டன்" என்றாள் என்னிடம்.

செப்டம்பர் கடைசியில் மாட்டு வியாபாரியின் லாரிகள் வந்தன. நான் அன்று போகவில்லை, போக வேண்டிய வேலையும் இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரன் சொன்னான். மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றியது கொரினாம். கடைசி மாடு ஏறியதும் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதது ராய்ஸாம். அவள் ஏப்ரலிலேயே சொன்னதுதான்.

நவம்பர் தேர்தலன்று மன்றத்தில் சீட்டு கொடுக்கிற மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். வெளியே நேரத்திலேயே இருட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலக் கறவைக்கு மாடுகளைக் கட்டுகிற நேரம். கதவைத் திறந்துகொண்டு கொரினும் ராய்ஸும் உள்ளே வந்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்த நேரத்தில் அவர்களைப் பண்ணைக்கு வெளியே நான் பார்த்ததே இல்லை. கல்யாண வீட்டிலிருந்துகூடப் பாதியில் எழுந்து ஓடுகிறவர்கள். இருவரும் சுத்தமான சட்டை போட்டிருந்தார்கள். ராய்ஸ் கையில் கைத்தடி இருந்தது, ஆனால் நடை முன்னைக்கு இப்போது பரவாயில்லை.

நான் ஆளுக்கொரு சீட்டு கொடுத்தேன். ராய்ஸ் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"இது ஒண்ணுதானா?" என்று வெர்னா அம்மாளைக் கேட்டான். "திருப்பிக் குடுக்க வேற எதுவும் இல்லையே?"

மன்றத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெர்னா அம்மாள்கூடச் சிரித்தார். கொரின் சிரிக்கவில்லை. சீட்டில் பெலிங்கர் பெயர் அச்சாகியிருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போனாள்.

இருவரும் போட்டு முடித்துவிட்டு வந்தார்கள். ராய்ஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசல்வரைக்கும் போய்விட்டான். கொரின் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாயேன், போலாம்" என்றான் ராய்ஸ்.

"எதுக்கு?" என்றாள் கொரின்.

ராய்ஸும் கடிகாரத்தைப் பார்த்தான், கறவை நேரம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். இருவரும் சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். ஏழு மணிக்குக் கதவைச் சாத்துகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.